நவீன பேகனியம்: புதிதாக அறிய வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் நம்மோடு வேலை செய்யும் ஒருவர் "நான் பேகன்" என்று சொன்னால், நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது இரண்டில் ஒன்றுதான். பில்லி சூனியம் வைக்கிறவர் போலிருக்கிறது என்று கொஞ்சம் ஒதுங்குவோம். இல்லாவிட்டால், "நம்மைப் போலப் பல சாமி கும்பிடுகிறவர்கள்தானே" என்று உடனே சொந்தம் கொண்டாடுவோம். முதலாவது அவர் மனதைப் புண்படுத்தும். இரண்டாவது புண்படுத்தாது. ஆனால் அவருடைய மதத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் பேச்சு அதோடு முடிந்துபோகும்.

இந்தக் கட்டுரை பேகன் நண்பரோ, மருமகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ இருக்கிறவர்களுக்கும், தானே இந்த வழியைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும். இங்கிலாந்தை மையமாக வைத்துத்தான் எழுதுகிறேன். நவீன பேகனியத்தின் பெரும்பகுதி அங்கேதான் முளைத்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று தாமாகவே எழுதிக் கொடுத்தார்கள். பேகன் வழிகளில் ஒன்றான விக்காவைத் தனியாக எழுதியவர்கள் இன்னொரு 13,000 பேர். மதம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது அங்கே கட்டாயமில்லை. படிவத்தில் பேகனுக்குக் கட்டமும் கிடையாது. "வேறு மதம்" என்பதைத் தேர்ந்தெடுத்துக் கையால் எழுத வேண்டும். அப்படி எழுதியவர்களின் கணக்கு இது.

முதல் படி: எந்த வழி என்று கேளுங்கள்

வேத நூல் எது, தலைவர் யார், எத்தனை கடவுள் என்று ஆரம்பித்தால் பதில் கிடைக்காது. பேகனியம் என்பது ஒரே மதம் இல்லை. கிறிஸ்தவம் வருவதற்கு முன் ஐரோப்பாவில் இருந்த வழிபாடுகளிலிருந்து உந்துதல் பெற்று, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருவான பல மதங்களைச் சேர்த்துச் சொல்கிற பெயர். ஆகவே ஒருவர் பேகன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "எந்த வழி?" என்பதுதான். அவருக்கும் அது பிடிக்கும். விவரம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி.

விக்காவில் பொதுவாக ஒரு தேவியும் ஒரு தேவனும். தேவிக்கு நிலவு, தேவனுக்குக் கொம்பு. கவன் எனப்படும் சிறு குழுவில் தீட்சை பெற்றுச் செய்வது மூல வழி. தனியாக வீட்டில் செய்கிறவர்கள் இன்று ஏராளம். மந்திர வேலையும் வழிபாட்டின் ஒரு பகுதி.

பழங்கால கெல்டிக் குருமார்களின் பெயரைத் தாங்கிய ட்ரூயிட் வழியில் மரம், நதி, கவிதை, பாட்டு இவற்றுக்குத்தான் முதலிடம். 1964இல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கிய பாணர், ஓவேட், ட்ரூயிட் சங்கம் இதில் பெரியது. அஞ்சல் வழிப் பாடங்களாகவே அதில் படிக்கலாம்.

ஹீதன் வழியினர் ஒடின், தோர், ஃப்ரேயா போன்ற வடபுலத் தெய்வங்களை வணங்குகிறார்கள். ஐஸ்லாந்தில் இதற்கு ஆஸாத்ரு என்று பெயர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நாடு இந்தப் புதிய பழைய மதத்தோடு எப்படிச் சகஜமாக வாழலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்தில் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சண்டை மூளும் நிலை வந்தபோது, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தோர்கெய்ர் என்ற சட்டம் அறிந்தவரிடம் கொடுத்தார்கள். அவரே பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையைப் போர்த்திப் படுத்து யோசித்துவிட்டு, நாடு கிறிஸ்தவத்துக்கு மாறட்டும் என்றார். அப்புறம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1972இல், ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற ஆடு வளர்க்கும் விவசாயி, மரபுப் பாட்டுகளை ராகமிட்டுப் பாடுவதில் தேர்ந்த கவிஞர், சில நண்பர்களோடு சேர்ந்து ஆஸாத்ரு சங்கத்தைத் தொடங்கினார். 1973இல் அரசு அதை அங்கீகரித்தது. இன்று அதன் குருக்கள் நடத்திவைக்கும் திருமணம் சட்டப்படி செல்லும். 2003 முதல் தலைமைக் குருவாக இருக்கும் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் ஒரு திரைப்பட இசையமைப்பாளர். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் மனிதர் ஒருவர் (ஒடினைத்தான் சொல்கிறார்) நிஜமாகவே சுற்றிவருகிறார் என்று இங்கே யாரும் நம்புவதாகத் தனக்குத் தோன்றவில்லை, இந்தக் கதைகளை இயற்கைச் சக்திகளையும் மனித மனதையும் சொல்லும் கவித்துவ உருவகமாகப் பார்க்கிறோம் என்று அவர் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்.

எல்லா ஹீதன்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒடின் உண்மையிலேயே இருக்கிறார், கேட்கிறார், பதில் தருகிறார் என்று சொல்கிறவர்களும் உண்டு. இருவரும் ஒரே சடங்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே கொம்புக் கோப்பையில் குடிப்பார்கள். அதனால்தான் "என்ன நம்புகிறீர்கள்?" என்பதைவிட "என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது இங்கே அதிகம் பலன் தரும். பேகனியத்தைப் புரிந்துகொள்ள நான் சொல்லக்கூடிய ஒரே குறுக்குவழி அதுதான். நம்பிக்கை ஆளுக்கு ஆள் மாறும். செய்முறைதான் அவர்களை ஒன்றாக நிற்க வைக்கிறது.

இவை தவிர லித்துவேனியாவில் ரொமுவா என்ற பேகன் வழி இருக்கிறது. ஐரோப்பாவில் கடைசியாக, 1387இல்தான், கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடு அது. சோவியத் காலத்தில், 1967இல், ஜோனஸ் டிரின்கூனஸ் என்பவரும் நண்பர்களும் கெர்னவே என்ற இடத்தில் கோடைத் திருநாளைக் கொண்டாடியதில் ரொமுவா புத்துயிர் பெற்றது. பிறகு அடக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் மீண்டும் எழுந்தது. அரசு அங்கீகாரம் மறுக்கப்பட்டது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021இல் சொன்னது. கிரேக்கத்திலும் ஒலிம்பஸ் தெய்வங்களை வணங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது படி: வயதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பேகனியம் பற்றிய பழைய புத்தகங்களைத் திறந்தால், பத்தாயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் ரகசியமாக வந்த மதம் என்று இருக்கும். இது சரியில்லை. இதை நம்பித் தொடங்குகிறவர்கள் பின்னால் வரலாறு படிக்கும்போது ஏமாந்துபோகிறார்கள். அதனால் இதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

விக்காவின் கதை ஜெரால்ட் கார்ட்னரிடம் தொடங்குகிறது. 1884இல் லிவர்பூல் பக்கத்தில் பிறந்தவர். ஆஸ்துமா தொல்லையால் சின்ன வயதிலிருந்தே வெப்ப நாடுகளில் வளர்ந்தவர். பதின்ம வயதில் இலங்கைக்கு வந்து, மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகினார். மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அதே காலம். 1910இல் கொழும்பில், ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதர அமைப்பான ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு போர்னியோ, மலாயா. அங்கே ரப்பர் தோட்டம், அப்புறம் சுங்க இலாகா. மலாய்க் குறுவாளான கிரிஸ் பற்றி ஆராய்ந்து புத்தகமே எழுதினார். 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ரகசியமாக இயங்கிய ஒரு சூனியக்காரர் குழு தனக்குத் தீட்சை அளித்ததாக அவர் சொன்னார். எகிப்தியல் அறிஞர் மார்கரெட் மர்ரே 1921இல் வெளியிட்ட கருத்து ஒன்று அப்போது பிரபலம்: சூனியக்காரர்கள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைப் பின்பற்றியவர்கள் என்பது. கார்ட்னர் தன் குழுவை அந்த மதத்தின் மிச்சமாகப் பார்த்தார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் ரத்தானது. 1954இல் கார்ட்னர் தன் வழியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியென்டே சடங்கு வாசகங்களில் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். விக்கா சடங்கின் அழகில் பாதி அந்த அம்மையாருடைய கைவண்ணம். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

மர்ரேயின் கருத்தை வரலாற்றாசிரியர்கள் பின்னர் நிராகரித்துவிட்டார்கள். விக்காவின் மூன்று நிலைத் தீட்சை முறை ஃப்ரீமேசன் சங்கத்தின் மூன்று நிலைகளை அப்படியே நினைவூட்டும். வட்டம் இடுவது, திசைக் காவலர்களை அழைப்பது போன்றவை 19ஆம் நூற்றாண்டு இறுதியின் லண்டன் மாந்திரீகச் சங்கங்களிலிருந்து வந்தவை. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் இவற்றையெல்லாம் விரிவாக எழுதினார். அதே மனிதர்தான் விக்காவை, இங்கிலாந்து உலகத்துக்குத் தந்த ஒரே மதம் என்றும் சொன்னார். பெரும்பாலான பேகன்கள் அந்த ஆய்வை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் மதத்தின் வயதைக் குறைத்த ஆராய்ச்சியை ஒரு சமூகமே ஏற்றுக்கொள்வது சாதாரண விஷயமில்லை. அவர்கள்மேல் எனக்கு மதிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ட்ரூயிட் வழிக்கும் இதே கதைதான். பழைய ட்ரூயிட்கள் தங்கள் போதனைகளை எழுதி வைக்கவில்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சீசர் போன்ற ரோமானியர்கள் எழுதியது. 1792இல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் சின்னக் கற்களை வட்டமாக வைத்துச் சடங்கு நடத்திய வேல்ஸ் கவிஞர் யோலோ மார்கனக், பழைய சுவடிகள் என்று காட்டியவற்றில் நிறைய அவரே எழுதியவை. தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை ட்ரூயிட்கள் கட்டவில்லை. அதன் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. ட்ரூயிட்கள் பற்றிய குறிப்பு வருவதே அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து. ஆனால் இன்றைய ட்ரூயிட்கள் கோடைத் திருநாள் விடியலில் அங்கே நின்று சூரியனை வரவேற்பது உண்மையான வழிபாடு. கல்லைக் கட்டியவர் யாராக இருந்தாலும் அந்த வழிபாட்டின் உண்மை குறையாது.

மூன்றாவது படி: காதில் விழுந்ததைச் சலித்துக்கொள்ளுங்கள்

சாத்தான் வழிபாடு என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் பெரியது. சாத்தான் கிறிஸ்தவத்தின் பாத்திரம். பேகன் தெய்வக் கூட்டத்தில் அவனுக்கு இடமே கிடையாது. சாத்தானிய அமைப்புகள் தனி. 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆண்டன் லாவே தொடங்கியது போன்றவை. வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் விக்காவின் சின்னம். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கோடு ஆன்மாவையும் சேர்த்து ஐந்து என்று பொருள் சொல்வார்கள். அமெரிக்காவில் போரில் இறந்த விக்கா வீரர்களின் கல்லறையில் இந்தச் சின்னத்தைப் பொறிக்க அரசு நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. குடும்பங்கள் வழக்குப் போட்டுப் போராடிய பிறகு 2007இல்தான் அனுமதி வந்தது.

அடுத்தது செய்வினை பயம். மந்திரம் செய்கிற பேகன்கள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. மெழுகுவத்தி ஏற்றி, மூலிகை கட்டி, வேலை கிடைக்கவோ உடம்பு தேறவோ வேண்டுவார்கள். ஆனால் யாருக்கும் தீங்கு இல்லையென்றால் உன் விருப்பம்போல் செய் என்பதுதான் விக்காவின் அடிப்படை நெறி. செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்றும் பலர் நம்புகிறார்கள். ட்ரூயிட்களிலும் ஹீதன்களிலும் மந்திரத்தின் பக்கமே போகாதவர்கள் ஏராளம்.

பலி? ஐஸ்லாந்து சங்கம் விலங்குப் பலி கொடுப்பதில்லை என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. அவர்களுடைய ப்ளோட் என்ற சடங்கில் மீட் எனும் தேன் மதுவையோ பீரையோ நிலத்தில் ஊற்றுவார்கள். அப்புறம் கூட்டாகச் சாப்பாடு. ஆடையின்றிச் சடங்கு செய்கிறார்களாமே என்று கேட்பீர்கள். கார்ட்னர் வழிக் கவன்கள் சிலவற்றில் மூடிய அறைக்குள், உறுப்பினர்களுக்குள், அந்த வழக்கம் உண்டு. நீங்கள் அழைக்கப்படும் பொதுச் சடங்கில் எல்லோரும் ஸ்வெட்டரும் பூட்ஸும்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று பேகன்களே சிலர் பரப்பிய தவறு. ஒன்பது மில்லியன் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள் என்பது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஒருவர் ஓர் ஊரின் சில வழக்குகளை வைத்து ஐரோப்பா முழுவதற்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. இன்றைய ஆய்வாளர்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சாதாரணக் கிறிஸ்தவர்கள். இங்கிலாந்தில் எரிப்பதைவிடத் தூக்கிலிடுவதுதான் வழக்கம். அத்தனை பேர் செத்தது போதாதா, எண்ணிக்கையை ஏன் ஊத வேண்டும்?

வடபுலச் சின்னங்களோடு ஒட்டி வரும் இனவெறி மட்டும் வெறும் வதந்தி இல்லை. நம் நிறத்தில் இருக்கிற ஒருவர் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். தோரின் சுத்தியலையும் ரூன் எனும் பழைய வடபுல எழுத்துகளையும் வெள்ளை இனவாதிகள் தூக்கித் திரிகிறார்கள். இந்த மதம் வட ஐரோப்பிய ரத்தத்துக்கு மட்டும் உரியது என்று சொல்லும் ஹீதன் குழுக்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அதே சமயம் 2016இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஹீதன் அமைப்புகள் "127ஆம் அறிவிப்பு" என்ற அறிக்கையில் கையெழுத்திட்டு, அப்படிப்பட்ட ஒரு பெரிய அமைப்போடு உறவை முறித்துக்கொண்டன. தீமையைக் கண்டால் தீமை என்று சொல், பகைவரோடு சமாதானம் வேண்டாம் என்று சொல்லும், ஹாவமால் என்ற பழைய வடபுலப் பாட்டின் 127ஆம் செய்யுள்தான் அந்தப் பெயருக்குக் காரணம். ஹீதன் குழு ஒன்றை அணுகும் முன், அவர்களுடைய கொள்கை அறிக்கையில் எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். "வம்சம்", "முன்னோர் ரத்தம்" என்று சுற்றி வளைத்தால் அங்கே போகாதீர்கள். விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.

நான்காவது படி: நாள்காட்டியோடு பழகுங்கள்

புத்தகத்தைவிட நாள்காட்டிதான் பேகனியத்தை வேகமாகக் கற்றுத்தரும். விக்காவினரும் ட்ரூயிட்களும் ஆண்டை எட்டுத் திருநாட்களாகப் பிரிக்கிறார்கள். அக்டோபர் 31 சௌவின், இறந்தவர்களுக்கான இரவு. டிசம்பர் 21 வாக்கில் யூல், ஆண்டின் மிக நீண்ட இரவு. பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் காலம். மார்ச் 20 வாக்கில் ஒஸ்தாரா, மே 1 பெல்டேன், ஜூன் 21 வாக்கில் லிதா, ஆகஸ்ட் 1 லாமாஸ் என்ற அறுவடைத் திருநாள், செப்டம்பர் 22 வாக்கில் மேபன். எட்டும் சேர்ந்த இந்தச் சக்கரம் 1950களில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. மேபன் என்ற பெயரே 1970களில் ஏய்டன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க: அங்கே பருவம் தலைகீழ் என்பதால் பல பேகன்கள் திருநாட்களையும் மாற்றிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஊர் முழுக்க ஹாலோவீன் பூசணி இருக்கும்போது அவர்கள் வசந்தத்தின் பெல்டேனைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

எட்டையும் ஒரேயடியாகக் கடைப்பிடிக்க முயல வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அன்று என்ன நடக்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். இங்கிலாந்தில் யூல் அன்று சூரியன் மாலை நாலு மணி வாக்கில் மறைந்துவிடும். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிற அந்த வாரங்களைக் கடந்தவர்களுக்கு, இனிமேல் பகல் நீளும் என்பதற்காக ஏன் ஒரு திருநாள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது படி: முதல் மூட், முதல் சடங்கு

நேராகச் சடங்குக்குப் போகாமல் முதலில் மூட்டுக்குப் போங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பப்பின் மாடியறையிலோ காபிக் கடையிலோ உள்ளூர் பேகன்கள் கூடிப் பேசுவதற்குத்தான் அந்தப் பெயர். 1971இல் தொடங்கிய பேகன் ஃபெடரேஷன் மூலம் உங்கள் பகுதியில் எங்கே நடக்கிறது என்று விசாரிக்கலாம். மது குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எலுமிச்சைச் சோடாவோடு உட்காரலாம். விலை உயர்ந்த கத்தியும் அங்கியும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அப்புறம் பொதுச் சடங்கு. விக்கா பாணியில் பூங்காவிலோ தோப்பிலோ நடக்கும் லாமாஸ் சடங்கை எடுத்துக்கொள்வோம். பத்து இருபது பேர் வட்டமாக நிற்பார்கள். நடுவில் ஒரு சின்ன மேசை: மெழுகுவத்தி, உப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், கோதுமைக் கதிர், முழு ரொட்டி. நடத்துகிறவர் உப்பைத் தண்ணீரில் கலந்து வட்டத்தைச் சுற்றித் தெளிப்பார். அத்தாமே என்ற கறுப்புப் பிடிக் கத்தியால் காற்றில் வட்டத்தை வரைந்துகொண்டே வலமாகச் சுற்றி வருவார். அந்தக் கத்தி எதையும் வெட்டுவதற்கு அல்ல. பொது இடம் என்றால் கத்திக்குப் பதில் கோலோ விரலோ. பிறகு எல்லோரும் கிழக்கே திரும்பிக் காற்றை அழைப்பார்கள். தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே நிலம். கூட்டம் திரும்பும் திசைக்கு நீங்களும் திரும்பினால் போதும், வாசகம் தெரியாவிட்டால் சும்மா நிற்கலாம்.

நடுவில் அறுவடை பற்றிய ஒரு கதையோ பாட்டோ இருக்கும். அதன் பின் ரொட்டி கைமாறும். பக்கத்தில் நிற்பவர் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு, மீதியை உங்களிடம் நீட்டி, உனக்குப் பசி வராதிருக்கட்டும் என்பார். நீங்கள் ஒரு துண்டு கிள்ளி அடுத்தவரிடம் அதையே சொல்ல வேண்டும். கோப்பை வரும்போது, தாகம் வராதிருக்கட்டும். மதுவோ ரொட்டியோ வேண்டாமென்றால் கோப்பையை லேசாக உயர்த்திவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசித் துண்டு நிலத்துக்கு. அழைத்த திசைகளுக்கெல்லாம் நன்றி சொல்லி வட்டத்தைக் கலைப்பார்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதை. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அலுவலகத்திலும் குடும்பத்திலும் சொல்லாமல் வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். மேசையில் இருக்கும் பொருள்களைத் தொடக் கூடாது. வட்டம் போட்ட பிறகு நடுவில் வெளியேற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வாசல் திறப்பதுபோல் ஒரு சைகை செய்து வெளியே விடுவார்கள்.

ஹீதன்களின் கூட்டம் வேறு மாதிரி. வட்டமும் திசையும் இருக்காது. கொம்புக் கோப்பை சுற்றி வரும். முதல் சுற்றில் தெய்வத்தின் பெயர், அடுத்ததில் முன்னோர் ஒருவரின் பெயர் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் பாட்டியின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். சபதம் மட்டும் யோசிக்காமல் செய்யாதீர்கள். கொம்பைக் கையில் பிடித்துச் சொன்ன வார்த்தையை அவர்கள் உண்மையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆறாவது படி: குழுவில் சேரும் முன்

தனியாகவே தொடரலாம், பலர் அப்படித்தான். குழு வேண்டுமென்றால் அவசரம் கூடாது. மரபான கவன்கள் தீட்சைக்கு முன் ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அந்தக் காலம் அவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நீங்களும் அவர்களைப் பார்ப்பதற்குத்தான்.

அமெரிக்க ட்ரூயிட் ஐசக் போன்விட்ஸ் ஒரு குழு எந்த அளவுக்கு ஆபத்தானது என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். பேகன்களுக்கு மட்டுமில்லாமல் எந்தச் சாமியார் மடத்துக்கும் பொருந்தும் கேள்விகள். தலைவர் உறுப்பினர்களின் சொந்த வாழ்க்கையில் எவ்வளவு தலையிடுகிறார்? தன் சொல்லுக்குத் தவறே வராது என்கிறாரா? பணம் எங்கே போகிறது? விலக நினைக்கிறவரை என்ன செய்கிறார்கள்? பாலியல் ரீதியான வற்புறுத்தல் உண்டா? கடைசிக் கேள்விக்குச் சின்ன "ஆமாம்" வந்தாலும் அங்கே இருக்காதீர்கள். தீட்சைக்கு உடலுறவு அவசியம் என்று சொல்கிறவர் தன் ஆசைக்குத் தீட்சை என்று பெயர் வைக்கிறார். தீட்சைக்குப் பணம் வாங்குவது கார்ட்னர் வழியில் தடைசெய்யப்பட்டது. அறை வாடகைக்கும் மெழுகுவத்திக்கும் பங்கு கேட்பது வேறு, நிலை உயர்த்தக் கட்டணம் கேட்பது வேறு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் பெற்றோர் சம்மதமின்றி எந்த நல்ல குழுவும் சேர்க்காது.

திருமணம் பற்றியும் ஒரு வார்த்தை. மணமக்களின் கைகளைக் கயிற்றால் பிணைக்கும் ஹேண்ட்ஃபாஸ்டிங் சடங்கு பார்க்க அழகாக இருக்கும். ஸ்காட்லாந்தில் அங்கீகாரம் பெற்ற பேகன் குரு நடத்தினால் அது சட்டப்படியான திருமணம். இங்கிலாந்தில் அப்படி இல்லை, பதிவு அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். விசா விண்ணப்பம் கையில் இருக்கிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

மேசையில் காளி இருந்தால்

தமிழர்கள் நிச்சயம் சந்திக்கப்போகிற நிலைமை இது. தேவி வழிபாட்டில் இருக்கும் மேற்கத்திய பேகன்கள் பலர் காளியைத் தங்கள் தேவியரில் ஒருத்தியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். சிலருக்கு அது பெருமை, சிலருக்குக் கோபம். என் கருத்து இது: கும்பிடுவது தவறில்லை, தெரியாமல் கும்பிடுவதுதான் சங்கடம். காளியை வெறும் கோபத்தின், காமத்தின் அடையாளமாகச் சுருக்கிவிட்டால், அம்மா என்று கூப்பிட்டு அவள் காலில் விழுகிற கோடிக்கணக்கானவர்களின் உறவு காணாமல் போகிறது. இதை அவர்களிடம் நேராகச் சொல்லலாம். பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். வெள்ளை சேஜ் மூலிகையை எரிப்பது அமெரிக்கப் பழங்குடிகளின் சடங்கை எடுத்துக்கொள்வதாகும் என்ற விமர்சனத்தைக் கேட்டு, அதை விட்டுவிட்டு ரோஸ்மேரிக்கு மாறிய பேகன்கள் உண்டு.

பேச்சு மறுபக்கமும் போக வேண்டும். "உங்கள் ஒடின் எங்கள் சிவன்தான்" என்று நாம் சொல்வதும் அதே மாதிரியான சுருக்கம்தான். அவர்களுடைய தெய்வத்தின் கதையை அவர்கள் வாயால் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு கேள்வி: இதில் ஈடுபட்டால் கோயிலுக்குப் போவதை விட வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலான பேகன் வழிகள் பழைய மதத்தைத் துறக்கச் சொல்வதில்லை. ஞானஸ்நானம் போல ஒரு கோட்டைத் தாண்டும் சடங்கும் எல்லா வழிகளிலும் இல்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அடுத்த வாரம் லாமாஸ் ரொட்டி கிள்ளலாம். ஐஸ்லாந்தில் மட்டும் அரசுப் பதிவேட்டில் ஒருவர் ஒரே ஒரு மத அமைப்பில்தான் உறுப்பினராக இருக்க முடியும். அங்கே வசிப்பவராக இருந்தால், ஆஸாத்ரு சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் பெயர் ஏற்கெனவே எங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.